மணிக்குள் அடைத்த துணி

ஞாயிறு, காலை 5.40. மூன்றாம் மாடியிலிருந்து சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு ஒடுக்கமானது. ஒரு கையால் சுவரையும் மற்றக் கையால் முன்சில்லையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கலாம். மேலே வாசலில், போர்வையைச் சுற்றிக்கொண்டு அல்போன்ஸ் அண்ணை நின்றார். அவரும் நானும் மூன்று வருடமாக ஒரே அறையில் இருக்கிறோம். நெடுந்தீவுக்காரர். மாடிவீடுகளின் படிகளைக் கழுவுவது அவருடைய வேலை; என்னைப் பகிடி பண்ணுவது மேலதிக வேலை.

"டேய் தம்பி, காட்டுக்குப் போற சைக்கிளுக்குக் கரியர் என்னத்துக்கு? விறகு ஏத்திக்கொண்டு வரப் போறியோ?"

"சாப்பாட்டுப் பெட்டி கட்ட அண்ணை."

"மணியும் பூட்டியிருக்கிறாய். அதுக்குள்ளை துணியும் அடைச்சு வைச்சிருக்கிறாய். அடிக்காத மணிக்கு ஏன்ரா காசு குடுத்தனி?"

மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு இறங்கினேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் மலையில் ஓடும் சைக்கிளுக்குக் கரியரும் இல்லை, மட்காட்டும் இல்லை, மணியும் இல்லை. தடித்த ரயர், பதினெட்டுக் கியர், அவ்வளவுதான். ஆனால் கரியரும் மணியும் இல்லாத ஒன்றைச் சைக்கிள் என்று ஒப்புக்கொள்ள எங்கள் ஆட்களால் முடியாது. பல்லரோச் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் இரண்டையும் வாங்கிப் பூட்டினேன். பிறகுதான் சிக்கல். எங்கள் சந்துகளில் கருங்கல் பாவியிருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் சில்லு ஏறி இறங்க, மணி தானாகவே கிணுங்கும். ஒரு விடியற்காலை கீழ்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து கத்தினாள். அன்றைக்கே பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து மணிக்குள் அடைத்தேன். அதன்பிறகு நான் போவதும் வருவதும் யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சைக்கிள் என்னுடையதல்ல. நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின், சிஞ்ஞோராவின், மகனுடையது. அவர் தூரினில் வேலைக்குப் போய்விட்டார். சைக்கிள் நிலவறையில் தூசி தின்றுகொண்டிருந்தது. "எடுத்து ஓடு, துருப்பிடிச்சுச் சாகப் போகுது" என்றார் சிஞ்ஞோரா. (இத்தாலியர் பேசியதை நாங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுகிறேன். அவர்களும் புத்தகத்து மொழியில் பேசவில்லை.) சிஞ்ஞோராவுக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர். இந்த மாதத்தில் பிக்குட்சாக் காட்டைப் பார்க்காதவன் பலெர்மோவில் இருந்தேன் என்று சொல்லக்கூடாது என்று போன கிழமை எனக்குக் கட்டளை போட்டு, மின்சார பில்லின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு வரைபடமும் கீறித் தந்தார். வடக்கு எது என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தார்.

எனக்கு இலை பார்க்கும் ஆசையைவிட வேறொரு கணக்கு இருந்தது. போய்வந்தால் திங்கட்கிழமை சிஞ்ஞோராவோடு பேச ஒரு சாக்குக் கிடைக்கும். காட்டிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தாளுக்கு வந்துவிடலாம்.

தாள் என்பது இதுதான். இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் சனம் வேறு கதை கதைக்கவில்லை. இந்த நாட்டில் தங்கும் அனுமதிச் சீட்டாகிய பெர்மெஸ்ஸோ இல்லாதவர்களும் இப்போது அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். வேலை கொடுப்பவர் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். அதைப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான். அப்பா பேசாலையில் கடலுக்குப் போனவர், கைநாட்டு. ஆகையால் அங்கேயும் இங்கேயும், படிவம் என்றால் என் கைக்குத்தான் வரும். இந்தக் கிழமைகளில் பதினொரு பேருடைய படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். என்னுடையதையும் நிரப்பியாயிற்று, கையெழுத்துக் கோட்டைத் தவிர. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சிஞ்ஞோராவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அவர் கடுமையானவர் என்பதால் அல்ல. அந்த வீட்டில் நான் இருக்கும் விதம் அப்படி. கதவு மணி அடித்தால் சிஞ்ஞோரா தடியை ஊன்றி மெல்ல எழுந்து போய்த் திறப்பார். நான் சமையலறையால் பின்பால்கனிக்குப் போய், வந்தவர் போகும்வரை உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு கதிரையில் இருப்பேன். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. முதல் கிழமை நானாகப் போனேன். பிறகு அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. மூன்று வருடமாக இல்லாதவன்போல இருந்துவிட்டு, திடீரென்று "நான் இங்கே இருக்கிறேன் என்று எழுதித் தாருங்கள்" என்று எப்படிக் கேட்பது? வேண்டாம், வில்லங்கம் என்று அவர் சொல்லிவிட்டால், தாளும் இல்லை, வேலையும் இல்லை.

காலை 6.30. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கொர்லியோனே போகும் பஸ். எனக்கு ரிக்கற் 5,200 லீரா. சைக்கிளுக்கு அரை ரிக்கற். சாரதி கீழ்ப்பெட்டியைத் திறந்துவிட்டுச் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சைக்கிள் ஓடத்தானே வாங்கிறது? அதை ஏன் பஸ்ஸிலை ஏத்துறாய்?"

"ஏத்தம் உங்களுக்கு, இறக்கம் எனக்கு."

"அட, இவன் விசயகாரன்" என்றார் சாரதி. பின்சீற்றில் இருந்த இரண்டு கிழவிகள் சிரித்தார்கள்.

ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்து மாடிவீடுகள் முடிந்ததும் தோடம்பழத் தோட்டங்கள், பிறகு மலைகள். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மரினேயோ என்ற சிற்றூரில் பத்து நிமிடம் நின்றது. அந்த ஊரின் தலைக்குமேல் ஒரு மொட்டைப் பாறை கூர்ப்பாக நிற்கிறது. அதன் அடியில் இத்தனை வீடு கட்டிக்கொண்டு எப்படி நித்திரை கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலைக் குளிருக்கு யாராவது ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார்.

காலை 8.05. பிக்குட்சாச் சந்தியில் இறங்கினேன். பலெர்மோவிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீற்றர் உயரம் என்று சிஞ்ஞோராவின் படத்தில் இருந்தது. சிறிய ஊர். ஒரு பெரிய வெளி, அதன் முடிவில் அந்தக்காலத்து அரசன் வேட்டைக்கு வந்தால் தங்கக் கட்டிய மாளிகை, அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு றொக்கா புசாம்பிரா. மலை என்பதைவிடச் சாம்பல்நிறச் சுவர் என்றால் பொருந்தும். அதன் காலடி முழுக்கக் காடு.

வெளியின் ஓரத்துக் கடையில் 1,200 லீராவுக்குக் கோப்பி குடித்தேன். கடைக்காரப் பெண் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தனியவோ?"

"ஓம்."

"கவனமாப் போ. ஞாயிற்றுக்கிழமை. வேட்டைக்காரர் நிக்கினம்."

நன்றி சொன்னேன். 'கவனம்' என்ற சொல்லுக்கு என் உடம்பில் ஒரே ஒரு பொருள்தான் பதிந்திருக்கிறது: சத்தம் போடாதே, கண்ணில் படாதே. வெளியே வந்து மணிக்குள் இருந்த துணியை விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திவிட்டுப் புறப்பட்டேன்.

காலை 8.30 முதல் 10.30 வரை. இந்த இரண்டு மணித்தியாலத்தை எப்படி எழுதுவது என்று யோசிக்கிறேன். முன்பு இந்தக் காட்டுக்குள்ளால் ஒரு ஒடுங்கிய ரயில்பாதை போனதாம். தண்டவாளத்தைக் கழற்றிப் பல வருடமாகிவிட்டது. பாதை மட்டும் இருக்கிறது. ரயிலுக்கென்று வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் தெரியாத ஏற்றம். மண், சல்லி, அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு இலை. முதல் நாள் மழை பெய்திருந்தது. சில்லு இலையில் ஏறும்போது அரிசியைச் சுளகில் போட்டுப் புடைப்பதுபோல ஒரு ஓசை மட்டும்.

ஓக் மரங்கள் ஒரே நிறமாக மாறவில்லை. ஒரு மரம் முழுக்கத் தேயிலைச் சாயம். பக்கத்து மரம் இன்னும் பச்சை. அதற்கடுத்ததில் ஒரு கிளை மட்டும் மஞ்சள். எங்கள் பக்கத்தில் வாதுமை இலை சிவந்து விழும். அது ஒன்றிரண்டு இலை. மரம் அதைக் கவனிப்பதில்லை. இங்கே காடு முழுவதும் ஒரு முடிவெடுத்துக்கொண்டு நிற்கிறது. மரத்தடிகளில் சிறுவிரல் உயரத்துக்கு ஊதாநிறப் பூக்கள் தலைகுனிந்து நின்றன. சிஞ்ஞோராவின் படத்தில் அந்த இடத்தில் 'சிக்லமீனோ' என்று எழுதியிருந்தது. பூ எங்கே பூக்கும் என்றுகூட அவருக்கு நினைவிருக்கிறது. கடைசியாக இங்கே வந்து எத்தனை வருடமோ.

ஒரு கல்பாலத்தைக் கடந்து இறங்கியதும் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. செவலை மாடுகள், நீண்ட கொம்பு, கழுத்தில் தகர மணி. மேய்ப்பவன் யாரையும் காணவில்லை. அவை பாதையைவிட்டு விலகாமல் என்னைப் பார்த்தபடி அசைபோட்டன. நான்தான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அவற்றைக் குழப்பாமல் ஓரத்தால் போனேன்.

காடு எனக்குப் புதிது அல்ல. ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் வன்னிக் காட்டுக்குள்ளால் சைக்கிளில் போயிருக்கிறேன். முன்னால் அரிசி மூட்டை, பின்னால் தங்கச்சி. அப்போது மரத்தைப் பார்த்ததாக நினைவில்லை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்த்தோம். காட்டில் மரத்தைப் பார்க்கலாம் என்பதே எனக்கு அன்று காலைதான் தெரிந்தது. அதனால்தான் இரண்டு மணித்தியாலம் தாளைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பாதை காட்டின் வேலியைத் தாண்டி, முட்பற்றையும் காட்டு ஒலிவும் நிறைந்த ஒரு சரிவுக்கு வந்தது.

காலை 10.40. இரண்டு வெடி, அடுத்தடுத்து.

அதன்பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது; உடம்பு செய்தது. நினைவு வந்தபோது பாதையோரப் பள்ளத்தில், முட்பற்றைக்குள், வயிறு மண்ணில் பட குப்புறக் கிடந்தேன். சைக்கிளையும் இழுத்து உள்ளே போட்டிருந்தேன். கன்னத்தில் முள் கீறியிருந்தது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். ஷெல் விழும் சத்தத்தில் காது வெடிக்காமல் இருக்க ஊரில் எங்களுக்குப் பழக்கியது. வெடி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன்: நூற்றைம்பது மீற்றர், கிழக்கே.

வேட்டைக்காரர்தான் என்று அறிவு ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டது. உடம்பு அதைக் கேட்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு எழும்பு' என்றது. மறுபடி ஒரு வெடி, இம்முறை கிட்ட. இனி எழும்பினால் சைக்கிளை இழுக்கும் சத்தம் கேட்கும் என்று பேசாமல் கிடந்தேன். ஈர இலையின் மணம். ஒரு எறும்பு மணிக்கட்டில் ஏறி இறங்கியது. அப்படியே அரை மணித்தியாலம். அந்த நேரத்தில்தான் தாளின் நினைவு திரும்பி வந்தது.

காலை 11.10. பாதையில் ஒரு நாய் வந்து நின்றது. வெள்ளையில் கபிலப் புள்ளி. என்னிடமிருந்து ஆறேழு மீற்றர். மூக்கை நேரே நான் கிடந்த பற்றைக்கு நீட்டி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மடித்துக்கொண்டு, வாலை விறைத்துச் சிலைபோல நின்றது. அது குரைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. மூச்சை அடக்கினேன். நான் அசையாமல் இருக்க இருக்க, அதுவும் அசையவில்லை.

அதற்குப் பின்னால் ஒரு ஆள். பச்சைச் சட்டை, நாற்பத்தைந்து வயதிருக்கும். துவக்கை மெல்லத் தோளுக்கு உயர்த்தினான். என்னை அல்ல, பற்றையைப் பார்த்தான். இடக்கையால் பின்னால் வருபவனுக்குச் சைகை காட்டினான். பின்னால் வந்தவன் குனிந்து ஒரு கல்லை எடுத்து, உள்ளே கிடப்பதைக் கிளப்பப் பற்றைக்குள் எறிந்தான்.

கல் என் கரியரில் கட்டியிருந்த தகரப் பெட்டியில் விழுந்தது. டங்!

துவக்கின் வாய் ஒரு சாண் கீழே இறங்கியது. நான் எழும்பினேன். எழும்பும்போதே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியிருந்தேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

பச்சைச் சட்டைக்காரன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கையை இறக்கு" என்றான். நான் இறக்கவில்லை. "கையை இறக்கு எண்டு சொல்லுறன்! நான் ஆர், பொலிஸோ?" என்று கத்தினான். பிறகு துவக்கை மடித்துத் தோட்டாக்களை வெளியே எடுத்து, சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஈர மண்ணில் அப்படியே குந்திவிட்டான். சிகரெற் ஒன்றை எடுத்தான். மூன்று நெருப்புக்குச்சி வீணாயிற்று. நாலாவதை மற்றவன் பற்றவைத்துக் கொடுத்தான்.

"எவ்வளவு நேரம் உதுக்குள்ளை கிடந்தனி?"

"அரை மணித்தியாலம்."

"ஏன்?"

"வெடி கேட்டது."

"வெடி கேட்டாக் கத்தவேணும்! 'ஆள் நிக்கிறன்' எண்டு கத்தவேணும்! பாட்டுப் பாடவேணும்! இஞ்சை சத்தமில்லாமல் பற்றைக்குள்ளை கிடக்கிறது ஆரெண்டு தெரியுமோ? முயல்! ஊரிலை மாட்டுக்குக்கூட மணி கட்டியிருக்கிறம், விசரா!" விசரன் என்பதற்கு அவன் சொன்ன சொல் இன்னும் மோசமானது.

கல்லெறிந்தவன் பச்சைச் சட்டைக்காரனுடைய மச்சான், மனைவியின் தம்பி. அவன் சைக்கிளைப் பற்றையிலிருந்து இழுத்து நிமிர்த்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். பயம் போன பிறகு வரும் சிரிப்பு. "பிப்போ, நான் இதுவரைக்கும் தகரத்திலை முயல் காணேல்லை. இஞ்சை பார், கரியரும் பூட்டியிருக்கு. மணியும்…" மணியின் நெம்பை அழுத்தினான். சத்தம் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தான். "துணி. மணிக்குள்ளை ஏன் துணி?"

"சத்தம் வராமல்."

"சத்தம் ஆருக்குக் கேக்காமல்?"

நல்ல கேள்வி. குனிந்து, பெட்டியின் கயிற்றை இறுக்கினேன்.

பிப்போ மரினேயோவில் சிகையலங்காரக் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துவக்கு. தணிந்த குரலில் என் பெயரைக் கேட்டான்.

"மரியதாஸ்."

"மரியாவோ? அது பொம்பிளையளின்ர பேரெல்லோ?" என்றான் மச்சான்.

"நீ வாயை மூடு." பிப்போ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ இஞ்சை வந்தது ஆருக்குத் தெரியும்?"

"சிநேகிதர் ஒருத்தருக்கு. பலெர்மோவிலை."

"அவன்ர விலாசம் என்னட்டை இருக்கோ? உன்ர சட்டைப்பையிலை உன்ர பேர் போட்ட ஒரு தாள் இருக்கோ?"

"இல்லை."

"நான் இப்ப உன்னைச் சுட்டிருந்தா…" அவன் சிகரெற்றைக் கையில் பிடித்தபடி யோசித்தான். எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே கணக்குப் பார்த்தான். "மறைச்சிருக்க மாட்டன். ஓடியிருக்க மாட்டன். ஆனா ஆரட்டைப் போய்ச் சொல்லுவன்? ஆரை எண்டு சொல்லுவன்? காட்டுக்குள்ளை ஒரு ஆள், பேரில்லை எண்டோ? நான் சாகும்வரைக்கும் உன்ர பேரைத் தேடிக்கொண்டு திரிய வேண்டி வந்திருக்கும்."

அவன் பேசியது தன்னைப் பற்றி. என்மேல் வைத்த இரக்கமல்ல அது. தனக்கு வந்திருக்கக்கூடிய கேட்டை நினைத்த பயம். அதனாலேயே அவன் சொன்னதை நான் நம்பினேன்.

நண்பகல். கல் விழுந்து நெளிந்த பெட்டியைத் திறந்தோம். ரொட்டியும் இடித்த சம்பலும். அவர்களிடம் சுட்ட கஷ்கொட்டையும் பாற்கட்டியும் ஒரு போத்தல் வைனும் இருந்தன. சம்பல் கோப்பிக் கரண்டியளவு போதும் என்று நான் சொல்லச் சொல்ல, மச்சான் கையால் அள்ளி வாயில் போட்டான். கண்ணால் தண்ணீர் ஓடியது. போத்தலைத் தேடிக் கை மண்ணைத் துழாவியது. "பிப்போ, துவக்குக்கு லைசென்ஸ் கேக்கிறாங்கள். இதுக்கல்லோ கேக்கவேணும்!" பிப்போ அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். நாய்க்குப் பாதி ரொட்டி கொடுத்தேன். சம்பல் படாத பாதி. அது சற்றுமுன் என்னை எப்படிப் பார்த்ததென்பதை முற்றாக மறந்துவிட்டிருந்தது.

பிரியும்போது துணியை நானே இழுத்தெடுத்தேன். நெடுநாள் உள்ளே இருந்து கறுத்துப்போயிருந்தது. மணியை ஒருமுறை அடித்தேன். காட்டுக்குப் பொருந்தாத சத்தம். எங்கேயோ மாடு ஒன்று தன் மணியால் பதில் சொன்னதுபோல இருந்தது.

"அடிச்சுக்கொண்டே போ" என்றான் பிப்போ. "றோட்டுக்குப் போகும்வரைக்கும் நான் காதைக் குடுத்துக்கொண்டு நிப்பன்."

அடிக்கத் தேவைப்படவில்லை. ரயில்பாதையின் சல்லியில் மணி தானாகவே கிணுங்கிக்கொண்டு வந்தது.

பிற்பகல் 1.45. சந்தியிலிருந்து பெரிய றோட்டில் இறக்கம். பஸ் சாரதிக்குச் சொன்னபடி இந்த இறக்கம் என்னுடையது. மரினேயோவைத் தாண்டியதும் ஒரு வளைவில் கராபினியேரிப் பொலிஸார் இருவர் வாகனங்களை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். பலெர்மோவில் அப்படிப் பார்த்தால் முப்பது மீற்றர் முன்பாகவே ஏதாவதொரு சந்துக்குள் திரும்பிவிடுவேன். இங்கே சந்து இல்லை. றோட்டு உடைந்திருந்ததால் மணி என் வருகையை அறிவித்தும் விட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கையை விடாமல், வேகத்தைக் குறைக்காமல், "பொன்ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னேன். ஒருவன் கரியரைச் சுட்டிக்காட்டி மற்றவனுக்கு என்னவோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டு கையால் போ என்று காட்டினார்கள். அடுத்த வளைவில் இறங்கி ஒரு மதிலில் சாய்ந்து நின்றேன்.

அங்கே நின்றபடி ஊரை நினைத்தேன். ஊர் எப்படி அழகு என்றல்ல. எங்களிடம் ஒரு கலை இருந்தது; ஒளிக்கும் கலை. எந்த நேரம் விளக்கை அணைப்பது, எந்தப் பக்கம் படுப்பது, சைக்கிளை எப்படிச் சத்தமில்லாமல் உருட்டுவது. அதைக் கற்றிராவிட்டால் நான் இந்த வரிகளை எழுத இருந்திருக்க மாட்டேன். அந்தக் கலையை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அதே கலைதான் அன்று காலை, பதினொன்று பத்துக்கு, என்னை முயலாக்கியது. ஒரு இடத்தில் உயிரைக் காத்தது இன்னொரு இடத்தில் உயிரை வாங்க வரும் என்று யாரும் பாடம் சொல்லித் தரவில்லை.

மாலை 4.20. பல்லரோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கலைந்து, நசுங்கிய தக்காளிகள் மட்டும் கிடந்தன. கருங்கல்லில் மணி கிணுங்க, கீழ்வீட்டுக்காரி யன்னலைத் திறந்தாள். "பின்னேரம்தானே சிஞ்ஞோரா" என்றேன். அவள் யோசித்துவிட்டு மூடிக்கொண்டாள். அல்போன்ஸ் அண்ணை மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"விறகு எங்கையடா?"

"பெட்டி நெளிஞ்சுபோச்சண்ணை."

"முகமும்தான். வா, மேலை வந்து சொல்லு."

திங்கள், மாலை 5.30. சிஞ்ஞோரா வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வி. கல்பாலத்தைக் கண்டியா? சிக்லமீனோ எந்தப் பக்கத்துச் சரிவில்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வேட்டைக்காரர் கதையை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் கதவு மணி அடித்தது. சிஞ்ஞோரா வழக்கம்போலத் தடியைத் தேடினார்.

"நீங்கள் இருங்கோ" என்று நான் போய்த் திறந்தேன். வந்தது சிஞ்ஞோராவின் மகள். என்னைக் கதவில் பார்த்துத் திடுக்கிட்டாள். மூன்று வருடத்தில் அவள் என்னை இரண்டு தடவைதான் கண்டிருப்பாள். இரண்டு தடவையும் முதுகுப்புறம்.

இருவரும் கூடத்தில் இருக்கும்போதே, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில், வரைபடத்தின்மேல் வைத்தேன். "சிஞ்ஞோரா, நான் இஞ்சை மூண்டு வருசமா வேலை செய்யிறன் எண்டு இதிலை நீங்கள் எழுதித் தரவேணும். வெள்ளிக்கிழமைக்கு முதல்." குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

மகள் தாளை எட்டிப் பார்த்தாள். "மம்மா, இதெல்லாம் லேசுப்பட்ட வேலையில்லை. ஒவ்வொரு மாசமும் அரசாங்கத்துக்குக் கட்டவேணும். ஆரையும் கேக்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ…"

சிஞ்ஞோரா மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"இந்தத் தாள் எத்தினை நாளா உன்னட்டைக் கிடக்கு?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமை! ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலை நிண்டு கோப்பி ஊத்தினாய், வாய் திறக்கேல்லை. நீயும் மற்றப் பெடியள்மாதிரி லண்டனுக்குப் போகப்போறாய், அதுதான் கேக்காமல் திரியிறாய் எண்டெல்லோ நான் இருந்தன்." தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "போய் என்ர கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா."

கண்ணாடி சமையலறையில் இருந்தது. பின்பால்கனிக் கதவு திறந்தபடி கிடந்தது. கொடிக்குக் கீழே என் கதிரை. குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியோடு கூடத்துக்குத் திரும்பினேன்.